மண்வெட்டியை மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் வெள்ளம் புகுந்த ஒரு ஊருக்கு 28 மாணவ மாணவியரை ஐந்து நாள் சேவைப் பயணமாக அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. துணைக்கு இன்னொரு ஆசிரியர் வருகிறார். போன ஆண்டு வேறொரு ஊருக்கு என் சக ஆசிரியர் ஒருவர் இப்படிக் கூட்டிப்போனார். பாதிப் பேர் வேலை இல்லாமல் நிழலில் உட்கார்ந்திருந்தார்களாம். கிளம்பும் நாளில் ஒரு சிறுமி ஒரு மாணவியின் கையை விடாமல் அழுதிருக்கிறாள். அந்த மாணவி திரும்பி வந்தும் பல வாரம் சரியாகத் தூங்கவில்லை. இந்த முறை மாணவர்கள் இப்போதே பழைய துணி, பொம்மை எல்லாம் சேகரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நிர்வாகமோ தினமும் புகைப்படம் அனுப்பச் சொல்கிறது. பேரிடர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே போய் நான் என்னதான் செய்ய வேண்டும்? அவர்களோடு சேர்ந்து மண் அள்ளுவதா, மேற்பார்வை பார்ப்பதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம் நீங்களும் மண் அள்ளுங்கள். டீச்சரும் சகதியில் இறங்கினார் என்று மாணவர்கள் பார்க்கட்டும். அப்புறம் மண்வெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். யார் முகம் வெளுத்திருக்கிறது, எந்த வீட்டுக்காரர் தன் வாசலிலேயே அந்நியர் மாதிரி ஒதுங்கி நிற்கிறார், எந்தப் பையன் மூன்றாவது முறையாகச் செல்போனை எடுக்கிறான் என்பதெல்லாம் குனிந்து அள்ளுகிறவர் கண்ணில் படாது. 28 பேருக்கும் உதவ வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அந்த ஊருக்குச் சில தேவைகள் இருக்கின்றன. இரண்டும் தானாகப் பொருந்திவிடாது. நடுவில் நின்று பொருத்திவைக்க ஒரு ஆள் வேண்டும், அது நீங்கள்தான். பேரிடர் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, மாணவர்களைத் தெரியுமல்லவா? பாதி வேலைக்கு அதுவே போதும்.

பேரிடர் நடந்த இடங்களில் உளநலப் பணியாளராக வேலை பார்ப்பவள் நான். ஆனால் என் முதல் பயணம் உங்கள் சக ஆசிரியருடையதை விட மோசம். கல்லூரியில் படிக்கும்போது, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பது பேர் ஒரு ஊரில் போய் இறங்கினோம். எங்களைப் படுக்கவைக்க, வீடிழந்த மூன்று குடும்பங்கள் தாங்கள் தங்கியிருந்த வகுப்பறையைக் காலி செய்து வராந்தாவுக்கு மாறின. அது எங்களுக்கு இரண்டாம் நாள் இரவுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் சேவைப் பயணம் என்று வந்து நின்றாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: “உங்களை யார் கூப்பிட்டார்கள்?”

உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. கல்லூரி அனுப்புகிறது என்று இருக்கிறது, ஊர் கூப்பிட்டது என்று எங்கும் இல்லை. நிழலில் உட்கார்ந்திருந்த பாதிப் பேரின் கதையும் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஜப்பான்காரர்கள். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. அடுத்த ஓராண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உதவி செய்யப் போனார்கள். தன்னார்வத் தொண்டின் முதலாம் ஆண்டு என்றே அதை அங்கே சொல்வதுண்டு. ஆனால் வந்தவர்களில் பலருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, ஆள் தேவைப்பட்டவர்களுக்கு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வேர்விட்டது. இப்போது எங்கே பேரிடர் நடந்தாலும் அந்த ஊரின் சமூக நல மன்றம் ஒரு தன்னார்வலர் மையத்தைத் திறக்கிறது. வீட்டுக்காரர்கள் தங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று அங்கே பதிகிறார்கள், வருகிறவர்களை அந்த வேலைக்குத் தக்கபடி பிரித்து அனுப்புகிறார்கள். சாப்பாடு, தண்ணீர், படுக்கை, விபத்துக் காப்பீடு எல்லாம் போகிறவர் பொறுப்பு.

நீங்கள் போகும் ஊரில் அப்படி ஒரு மையம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெள்ளம் வந்த முதல் வாரத்திலிருந்து அங்கேயே நின்று வேலை பார்க்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். உள்ளாட்சி ஊழியர், பள்ளி ஆசிரியர், ஒரு தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர், யாராகவும் இருக்கலாம். அவரைக் கண்டுபிடியுங்கள். பேசும்போது “எங்கள் மாணவர்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதாவது ஒரு வேலை சொல்லிவிடுவார். “நாங்கள் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?” என்று கேளுங்கள். “நாங்கள் வந்தால் உங்களுக்கு எது சுமை?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் மௌனம் வரும். அவசரப்படாமல் காத்திருங்கள், விஷயம் அதற்குப் பின்னால்தான் வரும்.

சுமை என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிவாரணப் பணிகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஸ்ஃபியர் கையேடு, ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அளவு சொல்கிறது. நீங்கள் மொத்தம் 30 பேர். ஆக, நாளுக்கு 450 லிட்டர், ஐந்து நாளுக்கு 2,250 லிட்டர், குறைந்தது இரண்டு கழிப்பறை. அந்த ஊரில் இன்னும் லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கிறார்கள் என்றால், நீங்கள் குடிப்பதும் குளிப்பதும் யாருடைய குடத்திலிருந்து? இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக்கொடுக்காதீர்கள். மாணவர்களையே கரும்பலகையில் போட வையுங்கள். என் அனுபவத்தில் இரண்டு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை இந்த ஒரு பெருக்கல் செய்துவிடும். பக்கத்து ஊரில் தங்கிக்கொண்டு தினமும் போய்வரலாமே என்று அவர்களே சொல்வார்கள்.

துணி சேகரிப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கடலோரத்தில் பழைய துணி மூட்டைகள் பிரிக்க ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தன. பிள்ளைகள் கொடுத்த மனசு பெரிதுதான், ஆனால் அதைப் பிரித்து, தரம் பார்த்து, வேண்டாததை அப்புறப்படுத்துவது ஏற்கெனவே களைத்துப்போன யாரோ ஒருவருக்கு வேலையாகும்.

அடுத்து, நான்கு மாதம் என்ற விஷயம். பேரிடர் உளவியலில் ஊரின் மனநிலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். முதலில் உயிரைக் கொடுத்து ஒருவரையொருவர் காப்பாற்றும் நாட்கள். பிறகு உதவி குவிய, எல்லோரும் ஒன்று என்று நெகிழும் வாரங்கள். அதன் பிறகு வருவதுதான் நீளமானது. கேமராக்கள் போய்விடும், இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருக்காது, பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை என்ற குமுறல் இருக்கும். இதை ஏமாற்றக் கட்டம் என்பார்கள். நான்காம் மாதம் பெரும்பாலும் இதற்குள்தான் விழும். எனவே நன்றியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யாராவது ஒருவர் “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கத்துவார். அவர் உங்கள் மாணவரைத் திட்டவில்லை. அந்த நேரத்தில் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, வாதாடக் கூடாது. அவர் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, “உங்கள் வீட்டில் எங்களால் ஆகிற வேலை ஏதாவது இருக்கிறதா?” என்று நீங்கள் கேளுங்கள். இல்லை என்றால் வணக்கம் சொல்லி நகருங்கள். இதைக் கிளம்புமுன் வகுப்பில் ஒருமுறை நடித்தே பார்த்துவிடலாம். நன்றாகத் திட்டத் தெரிந்த மாணவர் ஒருவராவது உங்கள் கல்லூரியிலும் இருப்பார்.

இப்போது நான் மறக்காத ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் என் தோள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடாக இருந்தது. ஐந்து மாணவர்கள் உள்ளே இருந்ததை எல்லாம் வாசலுக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேகம். ஒரு பையன் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் குப்பைக் குவியலில் எறிந்தான். மூடி இல்லை, உள்ளே காய்ந்த சேறு. வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக நடந்து போய் அதை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, திண்ணையில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது யாருடைய பெட்டி என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பையன் அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை.

அன்று போட்ட விதியை இன்றுவரை நான் மாற்றவில்லை. வீட்டுக்காரர் தன் கையால் காட்டாத எதுவும் குப்பைக்குப் போகாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாணவருக்கு இது ஒன்றுதான் வேலை: பொருளை எடுத்துக்காட்டி, “இது வேணுமா?” என்று கேட்பது. வேலை பாதி வேகத்தில்தான் நடக்கும், நடக்கட்டும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இடிபாடுகளுக்கிடையே கிடைத்த குடும்பப் புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுக்கும்படி அடுக்கிவைத்தார்கள். வீடு கட்டத் தெரியாத, கனம் தூக்க முடியாத கைகளுக்குக்கூட அதில் இடம் இருந்தது. உங்கள் 28 பேரில் எல்லோராலும் மண்வெட்டி பிடிக்க முடியாது. அவர்களை ஓரமாக உட்காரவைக்காமல் ஈரம் உறிஞ்சிய ஆவணங்கள், ஆல்பங்கள், பள்ளிப் பதிவேடுகள் பக்கம் அனுப்பலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

உடல் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளம்புமுன் ஒரு மருத்துவரைப் பார்த்து, எல்லோருடைய டெட்டனஸ் ஊசிக் கணக்கையும் சரிபாருங்கள். கடைசியாகப் போட்டுப் பத்து ஆண்டு கடந்தவர்கள் மறுபடி போட வேண்டும். வெள்ளம் நின்ற இடத்தில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. முன்தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவரே சொல்லட்டும், வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு யாரும் தானாக விழுங்க வேண்டாம். ரப்பர் பூட்ஸ், கனமான கையுறை கட்டாயம். பூஞ்சை படர்ந்த சுவரைச் சுரண்டுகிறவர்களுக்கு என்95 முகக்கவசம் வேண்டும், கைக்குட்டை பயன்படாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று ஆர்வக்கோளாறில் இதைச் செய்பவர் ஒரு குழுவுக்கு ஒருவராவது இருப்பார். ஜெனரேட்டர் வெளியேதான் ஓட வேண்டும், வீட்டுக்குள்ளோ ஜன்னல் அருகிலோ கூடாது. திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வெள்ளம் வந்த இடத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

புகைப்பட விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகத்தோடு சண்டை போடாதீர்கள், ஒரு கடிதம் எழுதுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் 1994-ல் உருவாக்கிய நடத்தை நெறியில் பத்து அம்சங்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களை நம்பிக்கையற்ற பொருட்களாக அல்ல, கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பது பத்தாவது. அதைக் குறிப்பிட்டு, தினமும் இரண்டு படம் அனுப்புவோம், அதில் எங்கள் கைகளும் வேலையும் இருக்கும், ஊர்க்காரர்களின் முகம் இருக்காது, குழந்தைகள் இருக்கவே மாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். படம் எடுப்பதற்கு ஒரே ஒரு மாணவரை நியமியுங்கள். மற்றவர்கள் செல்போன் வேலை நேரத்தில் பையில் இருக்கட்டும். பேனர் வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் பஸ்ஸிலேயே கட்டிப் படம் எடுத்துவிட்டு சுருட்டி வைத்துவிடலாம். நானே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன், ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சிறுமி. அவள் அழுததில் உங்கள் மாணவியின் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது நடக்காமல் ஓரளவு தடுத்திருக்கலாம். இழப்பைப் பார்த்த குழந்தைக்கு, அன்பாக வந்து ஐந்து நாளில் மறைகிறவர் இன்னொரு இழப்பு. குழந்தைகளோடு விளையாடக் கூடாது என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. ஆனால் ஊர்ப் பள்ளி ஆசிரியரோ அவர்களுக்குத் தெரிந்த பெரியவரோ நடத்தும் விளையாட்டில் உங்கள் மாணவர்கள் துணையாக இருக்கட்டும். அவர்கள் போன பிறகும் விளையாட்டு நடக்கும். எந்தக் குழந்தையோடும் எந்த மாணவரும் தனியாக இருக்கக் கூடாது. முதல் நாளே “நாங்க வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிடுவோம்” என்று சொல்லிவிட வேண்டும், நடுவில் ஒருமுறை நினைவூட்ட வேண்டும். “மறுபடியும் வர்றேன்” என்ற வாக்கு கூடவே கூடாது. வாயில் வந்துவிடும், அதனால்தான் முன்பே பேசிவைக்கச் சொல்கிறேன். சேகரித்த பொம்மைகளில் நல்லவற்றை மட்டும், ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று சொன்னால், பள்ளிக்குக் கொடுங்கள். கையில் கையில் கொடுத்தால் கிடைக்காத குழந்தை ஒன்று மிஞ்சும்.

பெரியவர்களோடு பேசுவதில் இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு நடக்கும். மாணவர்கள் பயந்து பேசாமலே இருப்பார்கள், இல்லையென்றால் “அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. நடந்ததை விவரமாகச் சொல்லவைப்பது முதலுதவி அல்ல என்று அதே கையேடு தெளிவாகச் சொல்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம், நாமாகத் தோண்டக் கூடாது. ஜப்பானில் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். கோபேயில் தொடங்கிய பழக்கம் அது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் மாணவர்கள், முகாமில் இருப்பவர்களின் பாதங்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, கைகளை மெல்லப் பிடித்துவிடுவார்கள். கேள்வி எதுவும் கிடையாது. பத்து நிமிடத்தில் ஏதோ ஒன்று அவர்கள் வாயிலிருந்து முணுமுணுப்பாக வரும். அதைப் பிறகு குறித்துவைத்து, உதவக்கூடியவர்களிடம் சேர்ப்பார்கள். நீங்கள் தொட்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு பாட்டியோடு உட்கார்ந்து சேறு படிந்த பாத்திரத்தைத் தேய்த்தாலும் இதேதான் நடக்கும். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் குறைவு. கேட்டதில் ஏதாவது தேவை இருந்தால், மருந்து தீர்ந்துவிட்டது, மகன் பேசுவதே இல்லை என்பது மாதிரி, மாணவர் அதை உங்களிடம் சொல்வார், நீங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வீர்கள். மூன்றாவது சொல்லான ‘இணை’ என்பது அவ்வளவுதான்.

மாணவர்களின் மனதுக்கும் இதே நெறிதான். மாலையில் அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். நாளை என்ன வேலை, இன்று எது சரியாக வரவில்லை, யாருக்கு என்ன வேண்டும் என்று பேசினால் போதும். “உன் உணர்வைச் சொல்” என்று ஆளாளுக்கு வற்புறுத்தாதீர்கள். பேசாமல் இருக்க விரும்புகிறவருக்கு அந்த உரிமை வேண்டும். 28 பேரில் யாராவது ஒருவர் சிறுவயதில் தன் வீட்டில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவராக இருக்கலாம். கிளம்புமுன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, “வராமல் இருக்க விரும்பினால் காரணம் சொல்லாமலே விலகலாம், மதிப்பெண் குறையாது” என்று சொல்லுங்கள். இந்தப் பயணத்துக்கு மதிப்பெண் உண்டு என்றால் இது இன்னும் முக்கியம்.

போன ஆண்டு தூங்காமல் இருந்த அந்த மாணவியிடம் இதுவரை யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? கடிதத்தில் அவர் ஒரு எச்சரிக்கை உதாரணமாக மட்டும் வருகிறார். இன்னும் தூக்கமோ படிப்போ கெட்டுக்கொண்டிருந்தால், அது ஒரு மாதத்தைத் தாண்டிய விஷயம். உளநல ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள். சரியாகிவிட்டார் என்றால், அவர் விரும்பினால் மட்டும், இந்த ஆண்டுக் குழுவிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். என்னை விட அவர் நன்றாகச் சொல்வார்.

உங்களையும் மறக்காதீர்கள். மூன்றாம் நாள் வாக்கில் உங்களுக்கே அழுகை வரும். வந்தால் மற்ற ஆசிரியரிடம் குழுவை ஒப்படைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அதற்காகத்தான் இரண்டு பேர்.

இன்னும் ஒன்று பாக்கி. ஒருங்கிணைப்பாளர் “30 பேர் வேண்டாம், பத்துப் பேர் வந்தால் போதும்” என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அப்போது நிர்வாகத்திடம் பஸ் வாடகையைக் காரணம் காட்டாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பத்துப் பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். ரேங்க் பார்க்காதீர்கள், மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களையும் பார்க்காதீர்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மின்விசிறியை யாரும் சொல்லாமலே அணைத்துவிட்டுப் போகும் பிள்ளைகள் நான்கைந்து பேர் உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.